நையோபியத்தில் குறையில்லை: 500 மெகாஹெர்ட்ஸ் மீக்கடத்துக் கேவிட்டி மாட்யூல், ஓட்டிப் பார்த்தபின்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இதோடு எழுந்து போகலாம். கேவிட்டி என்பது சுற்றும் எலெக்ட்ரான்களுக்கு மைக்ரோவேவால் ஆற்றல் கொடுக்கும் உலோகக் கூடு; மீக்கடத்து என்றால் கடுங்குளிரில் மின்தடை ஏறக்குறைய இல்லாதது. சிங்க்ரோட்ரான் ஒளிமூலங்களுக்கென்று, அதாவது எலெக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ்ரே எடுக்கும் கூடங்களுக்கென்று, விற்கப்படும் 500 மெகாஹெர்ட்ஸ் மீக்கடத்துக் கேவிட்டி மாட்யூலில், நையோபியம் உலோகப் பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். அதைக் குளிராக வைத்திருக்கும் ஹீலியம் சமாச்சாரத்துக்கு நாலு. மைக்ரோவேவ் உள்ளே போகிற பீங்கான் ஜன்னலுக்கு இரண்டரை, அதுவும் நான் ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்த நாளில். வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் கேவிட்டியின் கியூ மதிப்பையே (ஆற்றலை எவ்வளவு குறைவாக வீணாக்குகிறது என்ற அளவு) கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஐந்து வருஷம் கழித்து உங்கள் தூக்கத்தைக் கெடுக்கப் போவது அது இல்லை.

நான் இந்தோரில் இந்துஸ்-2 ஒளிமூல வளையத்தின் 505.8 மெகாஹெர்ட்ஸ் செம்புக் கேவிட்டிகளைப் பார்த்துத் தொழில் பழகியவன். இப்போது இருப்பது வேறு நாடு, மீக்கடத்து மாட்யூல் ஓடும் வளையம். அதன் பெயரையும் மாட்யூலைக் கொடுத்த கம்பெனியின் பெயரையும் எழுதப் போவதில்லை. சர்வீஸ் ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கும் சம்பளம் வேண்டும். "அண்ணே, எங்க ஆளுங்க வாங்கலாம்னு பேசிட்டு இருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று வேறு வளையங்களில் இருக்கும் தம்பிகள் அடிக்கடி போன் போடுகிறார்கள். தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

இந்தச் சரக்கு செய்யும் வேலை எளிமையானது. வளையத்தில் ஓடும் எலெக்ட்ரான்கள் காந்தங்களில் வளையும்போதெல்லாம் எக்ஸ்ரேயைக் கொட்டுகின்றன. அந்த எக்ஸ்ரேக்காகத்தான் இவ்வளவு கட்டடமும் இவ்வளவு சம்பளமும். 3 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் வளையத்தில் ஓர் எலெக்ட்ரான் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1 மெகா எலெக்ட்ரான்வோல்ட் இழக்கும். காந்தங்களைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். 500 மில்லிஆம்பியர் பீமுக்கு (எலெக்ட்ரான் கற்றைக்கு) அது 500 கிலோவாட். தைவானின் சிஞ்சுவில் இருக்கும் 518 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தை எடுத்துக்கொண்டால், எலெக்ட்ரான் ஒரு வினாடிக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இழந்ததை ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை) கேவிட்டி திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆர்எஃப் நின்றால் பீம் ஒரு மில்லிவினாடி கூடத் தாங்காது. உள்பக்கமாகச் சரிந்து குழாய்ச் சுவரில் போய் முட்டிக்கொள்ளும்.

செம்பிலும் இதைச் செய்யலாம். நல்ல நவீன செம்புக் கேவிட்டி ஒன்றில் அரை மெகாவோல்ட் நிறுத்திவைக்க, 40 கிலோவாட்டுக்குப் பக்கத்தில் சுவரிலேயே சூடாகிப் போகும். 2 மெகாவோல்ட் வேண்டுமானால் நாலு கேவிட்டி, 150 கிலோவாட் வீண். அதே 2 மெகாவோல்ட்டை நையோபியத்தில் ஒரே ஒரு செல் தாங்கும். கியூ நூறு கோடி என்று வைத்துக்கொண்டால், சுவரில் விழும் வெப்பம் 45 வாட் அளவுதான். வாட்தான், கிலோவாட் இல்லை.

விற்க வருகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள், கணக்கைத் தொடருங்கள். அந்த 45 வாட்டை 4.5 கெல்வினிலிருந்து வெளியே தள்ள வேண்டும். அந்தக் குளிரில் ஒரு வாட்டை அகற்ற, அறை வெப்பநிலையில் இருக்கும் கம்ப்ரசர் 300 வாட் போலச் சாப்பிடும். சின்ன ஆலையானால் இன்னும் கூட. பவர் போடாமல் சும்மா இருக்கும்போதே மாட்யூலுக்குள் சில பத்து வாட் கசிந்து வரும். ஹீலியத்தைக் கொண்டுவரும் குழாய்கள், வால்வுப் பெட்டி எல்லாம் தங்கள் பங்கைக் கேட்கும். கடைசியில் மிச்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புரோஷரில் போட்டிருக்கும் மிச்சம் இல்லை. பீமுக்குக் கொடுக்க வேண்டிய 500 கிலோவாட் இரண்டு ஏற்பாட்டிலும் அப்படியேதான் நிற்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மின்சார பில்லைக் காட்டி நிதிக்குழுவை மயக்கப் பார்ப்பவர்களோடு நான் சேர மாட்டேன்.

இதை வாங்க உண்மையான காரணம் வேறு. கேவிட்டிக்குள் 500 மெகாஹெர்ட்ஸ் மட்டும் குடியிருப்பதில்லை. எலெக்ட்ரான் கொத்து ஒன்று கடந்து போகும்போது உயர் அதிர்வெண்களும் சேர்ந்து எழும்பும். அவை அடங்குவதற்குள் அடுத்த கொத்து வந்தால் அதற்கு ஓர் உதை. அது அதற்கு அடுத்ததை உதைக்கும். கொஞ்ச நேரத்தில் பீம் முழுக்க ஆடத் தொடங்கும். பீம்லைனில், அதாவது எக்ஸ்ரேயை வாங்கி ஆய்வு செய்யும் இடத்தில், உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்பெக்ட்ரம் கோடுகள் தடித்துப் போகும், அவர் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் அடிப்பார். இந்த மாட்யூலில் இருப்பது ஒற்றைச் செல். இரு பக்கமும் பெரிய வாயுள்ள பீம் குழாய். 500 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளே அடைபட்டிருக்கும். மேலே உள்ள அதிர்வெண்கள் குழாய் வழியாக வெளியே ஓடிவிடும். குளிர்ப்பெட்டிக்கு வெளியே, சாதாரண வெப்பநிலையில், தண்ணீர் ஓடும் ஃபெரைட் வளையங்கள் அவற்றை விழுங்கிவிடும். இது அருமையான வடிவமைப்பு, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அதிக வோல்டேஜ், குறைந்த எண்ணிக்கை, அமைதியான பீம்: இந்த மூன்றுக்காகக் காசு கொடுக்கலாம்.

சிஞ்சுவிலேயே இருக்கும் பழைய 1.5 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் வளையம் இதற்கு நல்ல சாட்சி. 120 மீட்டர்தான் சுற்றளவு, நேர்ப்பகுதிகளில் இடமே கிடையாது. இரண்டு செம்புக் கேவிட்டிகளைக் கழற்றிவிட்டு 2005 வாக்கில் ஒரே ஒரு மீக்கடத்து மாட்யூலை வைத்து ஓட்டினார்கள். 200 மில்லிஆம்பியரில் இருந்த வளையம் 300-ஐத் தாண்டியது.

சந்தையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள். இரண்டுமே ஒளிமூலத்துக்காகப் பிறந்தவை அல்ல. துகள்களை மோதவிடும் வளையங்களுக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான வகை ஒன்று. 1990களின் கடைசியில் அங்கிருந்த மோதல் வளையத்தின் செம்புக் கேவிட்டிகளை எல்லாம் இதைக்கொண்டு மாற்றினார்கள். பிறகு அந்தத் தொழில்நுட்பம் ஜெர்மனியில் பெர்கிஷ் கிளாட்பாக்கில் இருந்த ஆக்செல் கம்பெனிக்குப் போனது. கனடாவின் சாஸ்கட்டூன், மேலே சொன்ன பழைய தைவான் வளையம், இங்கிலாந்தின் டயமண்ட், ஷாங்காய் என்று எல்லா இடத்துக்கும் போனது அந்த வகைதான். சாஸ்கட்டூன்காரர்கள் முதல் நாளிலிருந்தே மீக்கடத்துக் கேவிட்டியை நம்பி இறங்கியவர்கள். அந்தத் துணிச்சலுக்கு ஒரு சலாம். மற்றது ஜப்பானின் கேஇகே ஆய்வகத்து வகை. கேஇகேபி மோதல் வளையத்தில் ஒரு ஆம்பியருக்கும் மேற்பட்ட பீமைச் சுமந்தது. மிட்சுபிஷி கனரகத் தொழிலகம் செய்து கொடுக்கும். பெய்ஜிங்கின் மோதல் வளையத்திலும் சிஞ்சுவின் புதிய 3 ஜிகா வளையத்திலும் இருப்பது இது. அந்தப் புதிய வளையம் 2014 டிசம்பர் 31 அன்று முதல் ஒளியைப் பார்த்தபோது பழைய ஐந்து செல் செம்புக் கேவிட்டிகளோடுதான் ஓடியது. அடுத்த ஆண்டில் அவற்றை எடுத்துவிட்டு இரண்டு மீக்கடத்து மாட்யூல்களை வைத்தார்கள். 2015 டிசம்பருக்குள் 520 மில்லிஆம்பியர். ஒரு வருஷத்துக்குள் அது நடந்தது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

பிரான்சின் சோலெய் வளையம் தனி வழி: 352 மெகாஹெர்ட்ஸ், செம்பின் மேல் நையோபியம் பூசிய கேவிட்டி, ஒரு குளிர்ப்பெட்டிக்குள் இரண்டு. நான் அதை ஓட்டியதில்லை, அதனால் மார்க் போட மாட்டேன். ஆனால் கிளைஸ்ட்ரான் என்ற பெரிய மைக்ரோவேவ் வெற்றிடக் குழாய்க்குப் பதிலாக நூற்றுக்கணக்கான சின்ன டிரான்சிஸ்டர் பெட்டிகளைச் சேர்த்து 180 கிலோவாட் ஆம்ப்ளிஃபையர் கட்டினார்களே, அதற்காக அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். நாலு பெட்டி செத்தால் கூட பீம் நிற்காது. இன்று புதிதாக ஆர்எஃப் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் போகிறார்கள்.

நையோபியத்துக்கு வருவோம். 9.2 கெல்வினில் மீக்கடத்தியாகும் உலோகம். மிகச் சுத்தமான தகட்டை அழுத்தி அரைக்கிண்ணமாக்கி, எலெக்ட்ரான் கற்றையால் வெற்றிடத்துக்குள் வெல்டிங் செய்து, உள்பக்கத்தை அமிலத்தால் கரைத்து, சுத்த நீரை 100 பாருக்குப் பக்கத்தில் பீய்ச்சிக் கழுவி, தூசி இல்லாத அறையில் மூடுகிறார்கள். 500 மெகாஹெர்ட்ஸ் என்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆர்எஃப்பில் மீக்கடத்திக்கும் ஒரு சின்னத் தடை உண்டு, அது அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும். எக்ஸ்ரே லேசர்களில் இருக்கும் 1.3 ஜிகாஹெர்ட்ஸ் கேவிட்டிகளுக்கு 2 கெல்வின் வேண்டும், அதற்கு ஹீலியத்தை வெற்றிட பம்பால் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். நமக்கு அந்தத் தலைவலி கிடையாது. சாதாரணமாகக் கொதிக்கும் திரவ ஹீலியம், 4.5 கெல்வின், போதும். இன்னொன்று: பீமுக்கு இவ்வளவு பவர் கொடுப்பதால் கேவிட்டியோடு பிணைப்பு இறுக்கமாக இருக்கும், கேவிட்டி ஏற்கும் அதிர்வெண் பட்டை 2.5 கிலோஹெர்ட்ஸ் அளவு அகலம். பக்கத்தில் பம்ப் அதிர்ந்தால் அதிர்வெண் நழுவிவிடும் என்ற பயம் இங்கே பெரிதாக இல்லை. அதிர்வெண்ணைச் சரிசெய்யும் டியூனர் மோட்டார் சமாளித்துக்கொள்ளும். நான் பார்த்தவரை நையோபியம் தானாகத் தகராறு செய்து பீம் போனது அபூர்வம்.

தகராறு வருவது அதை நாம் தொடும்போது. ஆலையில் செங்குத்துத் தொட்டிச் சோதனையில் பளிச்சென்று இருந்த கேவிட்டி, வளையத்துக்கு வந்து இரண்டு பக்கமும் குழாய் மாட்டிய பிறகு அப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். எங்கள் மாட்யூலை வளையத்தோடு இணைத்த நாளைச் சொன்னால் புரியும். சுரங்கத்துக்குள், இரண்டு காந்தங்களுக்கு நடுவே, நகர்த்தக்கூடிய ஒரு தூசியில்லாக் கூடாரம். மேலிருந்து வடிகட்டிய காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. ஒருவர் போல்ட்டைக் கழற்றுவார். அடுத்தவர் துகள் எண்ணும் கருவியின் குழாயை அந்த ஓட்டையருகே பிடித்துக்கொண்டு நைட்ரஜன் துப்பாக்கியால் ஊதுவார். எண் கிடுகிடுவென்று ஏறும், இறங்கும். பூஜ்யம் வரும் வரை ஊத வேண்டும், பிறகுதான் அடுத்த போல்ட். பேசக் கூடாது, வேகமாகத் திரும்பக் கூடாது, முகமூடிக்குள் மூக்கு அரித்தால் தாங்கிக்கொள்ள வேண்டும். மூடிய பிறகு பம்பைப் போடுவதும் அப்படித்தான்: காற்றை அவசரமாக உறிஞ்சினால் அடியில் படிந்திருக்கும் தூசி கிளம்பி நையோபியத்தில் உட்காரும். அது மின்புலத்தில் எலெக்ட்ரானைத் துப்பும் முள்ளாகிவிடும், பிறகு அந்த மாட்யூல் பழைய வோல்டேஜைப் பார்க்காது. அதனால் ஓட்டத்தை அளந்து, மிக மெதுவாக. எங்கள் வெற்றிடக்குழுத் தலைவி அன்று முழுக்க அந்த மீட்டரை விட்டு நகரவில்லை. அவர் கையால் மாட்டிய மாட்யூல் என்றால் எனக்குத் தனி நம்பிக்கை.

இனி ஜன்னல். பீமுக்குப் போகும் அத்தனை பவரும் இந்த ஒரே அலுமினா பீங்கான் தகட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கார்னெல் வகையில் செவ்வகக் குழாயில் வைத்த ஜன்னல். 250 முதல் 300 கிலோவாட் வரை தினசரி ஓட்டம். கேஇகே வகையில் நடுக்கம்பியுள்ள உருளை வகை; அது இன்னும் கொஞ்சம் அதிகம் சுமக்கும். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் கேவிட்டியின் வெற்றிடம். பீங்கான் விரிசல் விட்டால் போயிற்று: காற்று உள்ளே, கேவிட்டி நாசம், ஹீலியம் கொதித்துப் பறக்கும், வளையம் மாதக்கணக்கில் படுக்கை. விரிசல் விடாமல் இருந்தாலும் ஜன்னல் சும்மா இருக்காது. குறிப்பிட்ட சில பவர் அளவுகளில் எலெக்ட்ரான்கள் சுவருக்குச் சுவர் துள்ளிப் பெருகும். அதை அடக்க ஆரம்பத்தில் பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வெற்றிட மானியைப் பார்த்துக்கொண்டே, பதப்படுத்த வேண்டும். கேஇகே வகையில் நடுக்கம்பிக்கு ஒரு டிசி மின்னழுத்தம் கொடுத்து இந்தத் துள்ளலைக் கலைத்துவிட வழி வைத்திருக்கிறார்கள். சின்ன ஏற்பாடு, பெரிய நிம்மதி. இரண்டு வகைக்கும் நடுவில் எனக்குத் தேர்வு கொடுத்தால் இதற்காகவே ஜப்பான் பக்கம் சாய்வேன்.

பதப்படுத்தல் ஒரு தடவையோடு முடிவதும் இல்லை. 4.5 கெல்வினில் இருக்கும் நையோபியம் வளையத்தில் இருக்கும் மிச்சசொச்ச வாயுவை எல்லாம் ஈர்த்துத் தன்மேல் உறையவைத்துக்கொள்ளும். வாரங்கள் போகப்போகப் படலம் தடிக்கும், பழைய துள்ளல் திரும்பி வரும். பராமரிப்பு நாளில் பீம் இல்லாதபோது துடிப்புத் துடிப்பாகப் பவர் கொடுத்துச் சுத்தம் செய்வோம். அதற்கும் மசியாவிட்டால் நீண்ட விடுமுறையில் மாட்யூலை அரைகுறையாகச் சூடாக்கி வாயுவை வெளியேற்ற வேண்டும்.

ராத்திரி டிரிப் ஆனால், அதாவது ஆர்எஃப் தானாக அணைந்து பீம் போனால், என்ன பார்ப்பேன் என்று ஒரு தம்பி கேட்டான். திரையில் சில கோடுகள்: கேவிட்டி வோல்டேஜ், உள்ளே போகும் பவர், திரும்பி வரும் பவர், பீம் மின்னோட்டம், வெற்றிடம், ஹீலியம் அழுத்தம். முதலில் வோல்டேஜ் எப்படி விழுந்தது என்று பார். உள்ளே போகும் பவர் அறுந்த பிறகு நூறு மைக்ரோவினாடி அளவில் வழிந்து இறங்கினால், அது கேவிட்டியின் இயல்பான இறக்கம். யாரோ இன்டர்லாக் (ஆபத்தென்றால் பவரை அறுக்கும் பாதுகாப்பு) போட்டிருக்கிறார்கள், யார் என்று தேடு. பவர் இருக்கும்போதே வோல்டேஜ் சில மைக்ரோவினாடியில் செங்குத்தாக விழுந்தால் உள்ளே எலெக்ட்ரான் மின்வீச்சு. வெற்றிட மானியும் ஒரு குதி குதித்திருக்கும். மில்லிவினாடிக் கணக்கில் தளர்ந்து விழுந்து, பின்னாலேயே ஹீலியம் அழுத்தம் ஏறினால் நையோபியத்தின் ஒரு பகுதி மீக்கடத்தலை இழந்திருக்கிறது. பீம் முதலில் காணாமல் போய், அதற்குப் பிறகு திரும்பி வரும் பவர் எகிறியிருந்தால் குற்றவாளி நாம் இல்லை: ஏதோ ஒரு காந்தத்தின் மின்வழங்கி. இந்தக் கடைசி வகைக்கும் காலைக் கூட்டத்தில் "ஆர்எஃப் டிரிப்" என்றே எழுதிவைப்பார்கள். எல்லா வளையத்திலும் இதே கதைதான் போலிருக்கிறது. அதனால் சொல்கிறேன், இந்தப் பதிவுக் கருவி மாட்யூலோடு வராது. தனியாகக் காசு ஒதுக்கி நல்லதாக வாங்குங்கள். நேரப் பிரிப்பு மைக்ரோவினாடிக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஹீலியம் பக்கம் நாலு மார்க் கொடுத்தேன். ஆலை ஒழுங்காக ஓடும் வரை அது இருப்பதே தெரியாது. மாட்யூலுக்குள் சில நூறு லிட்டர் திரவம். அழுத்தம் சில மில்லிபாருக்குள் நிலையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேவிட்டியின் வடிவமே கொஞ்சம் அமுங்கி அதிர்வெண் நகரும். நல்ல ஆலைகள் இதை அலட்டிக்கொள்ளாமல் செய்கின்றன. ஒரு மார்க்கைக் குறைத்தது கரண்டுக்காக. ஊர் மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவாகக் கண் சிமிட்டினால் போதும், கம்ப்ரசர் படுத்துவிடும். மின்சாரம் உடனே வந்துவிடும், குளிர் வராது. டர்பைனை எழுப்பி, திரவ மட்டத்தை மீட்டு, பீம் போடுவதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும். கம்ப்ரசர் எண்ணெயோ காற்றின் ஈரமோ கொஞ்சம் உள்ளே போனால் குளிர்ந்த இடத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளும். திரவ ஹீலியம் ஆவியானால் எழுநூறு மடங்குக்கு மேல் விரியும் என்பதால் சுரங்கத்தில் ஆக்சிஜன் எச்சரிக்கைக் கருவி கட்டாயம். சும்மா சும்மா சூடாக்கிக் குளிர்விக்கவும் கூடாது. மூட்டுகளில் இருக்கும் இண்டியம் கம்பி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தளரும். ஆலைக்கான ஆண்டுப் பராமரிப்பை வளையத்தின் விடுமுறையோடு பொருத்துவதற்குள் இரண்டு துறைகள் சண்டை போட்டு முடிக்கும்.

சர்வீஸ்? மாட்யூலைச் செய்யத் தெரிந்தவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இருக்கிறார்கள், அது அவர்களுக்கும் தெரியும். எங்களுக்கு ஜன்னல் ஒன்று தேவைப்பட்டபோது விலைப்புள்ளி வரவே ஒரு பருவம் ஆனது. வந்தபின் பெட்டியோடு வந்த சோதனைக் காகிதத்தில் எங்கள் ஜன்னலின் வரிசை எண்ணுக்குப் பதில் வேறு யாருடைய எண்ணோ இருந்தது. கேட்டால் "அதே மாதிரிதான், பயப்படாதீர்கள்" என்று பதில். பொறியாளர்கள் நல்லவர்கள், போனில் மணிக்கணக்கில் பொறுமையாகப் பேசுகிறார்கள்; அந்தக் கடிதப் போக்குவரத்துதான் ரத்தக்கொதிப்பை ஏற்றுகிறது. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் கதை வேண்டாம்: ஆர்டர் போடும்போதே உபரி ஜன்னலைச் சேர்த்து எழுதுங்கள், அதைப் பதப்படுத்தி வைக்க ஒரு சோதனை மேடைக்கும் பணம் ஒதுக்குங்கள். முடிந்தால் முழு மாட்யூல் ஒன்றே உபரியாக இருக்கட்டும். சிஞ்சுக்காரர்களும் ஷாங்காய்க்காரர்களும் சொந்தமாகவே 500 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல் செய்யக் கற்றுக்கொண்டதற்குப் பெருமை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

"நம்ம நாட்டுல செய்ய முடியாதாண்ணே?" என்பவர்களுக்கு: நையோபியத்தைத் தொடத் தெரிந்த கை நம்மிடம் உண்டு. டெல்லியில் கால்-அலை வகை நையோபியக் கேவிட்டிகளைச் செய்து அயனி முடுக்கியில் ஓட்டுகிறார்கள். இந்தோரில் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தோடு கூட்டுச் சேர்ந்து 650 மெகாஹெர்ட்ஸ் ஐந்து செல் கேவிட்டிகள் செய்திருக்கிறார்கள். ஆனால் அவை நேர்கோட்டு முடுக்கிகளுக்கானவை. அரை ஆம்பியர் பீமும் ஃபெரைட்டும் 300 கிலோவாட் ஜன்னலும் வேறு படிப்பு.

இதெல்லாம் வேண்டாம், செம்பே போதும் என்று சொல்கிறவர்களையும் கேட்க வேண்டும், ஏனென்றால் காற்று கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. உயர் அதிர்வெண்களை வடிக்கும் கைகள் வைத்த ஒற்றைச் செல் செம்புக் கேவிட்டிகள் நன்றாகத் தேறிவிட்டன. பிரான்சின் கிரனோபிளில் 2020-ல் புதுப்பித்துத் திறந்த 6 ஜிகா வளையம் அந்த வகை 13 கேவிட்டிகளோடு ஓடுகிறது. ஸ்வீடனின் மாக்ஸ்-4 அதிர்வெண்ணையே 100 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிச் செம்போடு நிம்மதியாக இருக்கிறது. டயமண்ட் 2010களின் கடைசியில் தன் மீக்கடத்து மாட்யூல்களுக்குத் துணையாக இரண்டு செம்புக் கேவிட்டிகளைச் சேர்த்தது. அடுத்து வரப்போகும் டயமண்ட்-2 திட்டத்தில் முதன்மை வேலைக்கு எட்டுச் செம்புக் கேவிட்டிகள். ஒன்று படுத்தால் மற்றவை இழுத்துக்கொண்டு போகும், ஹீலியம் இல்லை, கழற்றி மாட்டுவது ஒரு விடுமுறைக்குள் முடியும். எதிர்ப்பக்கம் பெய்ஜிங்கின் புதிய 6 ஜிகா வளையம்: முதன்மைக் கேவிட்டிகள் 166.6 மெகாஹெர்ட்ஸ், மீக்கடத்து, கால்-அலை வகை. ஆக யாரும் யாரையும் ஒழித்துவிடவில்லை. வளையத்தில் இடம் தாராளமாக இருந்து பீம் 300 மில்லிஆம்பியரோடு நின்றுவிடும் என்றால், செம்பு வாங்கச் சொல்வேன். இடம் குறைவு, பீம் அரை ஆம்பியர், பின்னால் அன்டுலேட்டர்கள் (எக்ஸ்ரேயைப் பெருக்கும் காந்த வரிசைகள்) வரிசையாக வரப்போகின்றன, ஏற்கெனவே குளிர்ப்பிரிவு ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் மீக்கடத்து மாட்யூல், அதுவும் இரண்டாக, ஒன்று படுத்தால் மற்றது வோல்டேஜைச் சுமக்கும் அளவுக்குத் தாராளம் வைத்து. விளம்பர உச்சத்தில் ஓட்டாதீர்கள். வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கினால் டிரிப் எண்ணிக்கை நிறையவே இறங்கும். எங்கள் வளையத்தில் பீம்லைன் ஆட்களே அந்த வித்தியாசத்தைக் கவனித்துச் சொன்னார்கள்.

பாகம் பிரிக்காமல் ஒரு முழுப் பொருளுக்கு மட்டும் முழு மார்க் கொடுப்பேன், அது இதன் தம்பி: 1.5 ஜிகாஹெர்ட்ஸ் மூன்றாம் ஹார்மோனிக் (முதன்மை அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் ஓடும்) மீக்கடத்துக் கேவிட்டி. சுவிட்சர்லாந்தின் எஸ்எல்எஸ், இத்தாலியின் எலெட்ரா இரண்டிலும் 2002-ல் வைத்தார்கள். கொத்துகளை நீளவாக்கில் இழுத்துப் பரப்பிவிடும். எலெக்ட்ரான்கள் நெருக்கியடித்து ஒன்றையொன்று முட்டுவது குறையும், பீமின் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். இதற்குப் பவரை வெளியிலிருந்து கொடுக்க வேண்டாம். கடந்து போகும் பீமே அதைத் தூண்டிவிடும், நாம் டியூனரை நகர்த்தி வோல்டேஜை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கிளைஸ்ட்ரான் இல்லை, அலைக்குழாய் இல்லை, பீங்கான் ஜன்னல் இல்லை. முதன்மைக்குச் செம்புக்குத் திரும்பும் டயமண்ட்-2-கூட ஹார்மோனிக் வேலைக்கு மீக்கடத்தியைத்தான் எடுத்திருக்கிறது. பட்ஜெட்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் முதலில் வாங்கச் சொல்கிறேன்.